மணி மட்டும் எஞ்சிய ஆலயம்

சிகாகோ கலைஞர் தியாஸ்டர் கேட்ஸ் மட்பாண்டக் கலையும் நகரத் திட்டமிடலும் சமயவியலும் கற்றவர். கூரைக்குத் தார் பூசிய தொழிலாளியின் மைந்தர். 2022இல் இலண்டன் கென்சிங்டன் பூங்காவில் அவர் எழுப்பிய ‘கருப்புச் சிற்றாலயம்’ இவை யாவும் ஒன்றுகூடிய படைப்பு. கரிய வட்டக் கூடம். உச்சித் திறப்பின் வழியே இறங்கும் ஒளி. உள்ளே, தந்தையின் தொழிலை நினைந்து ஆக்கிய ஏழு தார் ஓவியங்கள்.

நம்மைத் தடுத்து நிறுத்துவதோ வாயிலருகே நின்ற மணி. சிகாகோவின் தென்பகுதியில் இடிக்கப்பட்ட தூய லாரன்ஸ் கத்தோலிக்க ஆலயத்தின் மணி அது. சபையை அழைக்க வார்க்கப்பட்டது, சபையற்ற கூடத்துக்கு வழிப்போக்கரை அழைத்தது! வெறும் அலங்காரமென்று தள்ளிவிடவே முதலில் எண்ணினோம். ஆயினும், ஆலயம் வீழ்ந்தபின் அதன் ஓசையைக் காத்தவர் கலைஞரேயன்றோ? நமது குறை வேறு. ஜூனில் திறந்த கூடம் அக்டோபரில் மூடப்பட்டது. ஞானஸ்நானம் பெற்ற இடத்திலேயே பேரப்பிள்ளையையும் ஏந்திவரும் ஒரு தலைமுறை அங்கே உருவாக வழியில்லை.