கங்கைக்குத் தாடி

"அப்பா, கங்கை ஏன் ஆம்பிளையா இருக்கு?"

ரோமின் நவோனா சதுக்கத்தில், 'நான்கு நதிகள் நீரூற்று' முன்னால் நின்று என் மகள் கேட்டாள். பெர்னினி வடிவமைத்து 1651-இல் திறக்கப்பட்டது அது. கண்டத்துக்கு ஒன்றாக டான்யூப், நைல், கங்கை, ரியோ டி லா பிளாட்டா. ரோமானிய மரபில் நதி என்றால் பெரும்பாலும் தாடிக்கார ஆண்தான். அந்த அச்சிலேயே நம் கங்கையையும் வார்த்து, படகோடும் ஆறு என்பதற்கு அடையாளமாகக் கையில் நீண்ட துடுப்பையும் கொடுத்துவிட்டார்கள். நால்வரில் மிகச் சாவதானமாக அமர்ந்திருப்பவர் இவர்தான். செதுக்கியவர் கிளோத் பூசேன். உடற்கட்டில் குறையில்லை. ஆனால் துடுப்பை எடுத்துவிட்டால் இது எந்த ஆறாகவும் இருக்கலாம்.

பக்கத்தில் நைலின் தலையை ஒரு துணி மூடியிருக்கிறது. அதன் பிறப்பிடம் தெரியாது என்பதை அப்படிச் சொன்னார்கள். இந்தச் சிற்பத் தொகுதியில் நேர்மையான இடம் அதுதான். அந்தத் துணியில் ஒரு முழம் கங்கைக்கும் தந்திருக்கலாம்.

பிளாட்டாவின் உயர்ந்த கை, எதிரே பொரோமினி கட்டிய தேவாலயம் இடிந்து விழுமோ என்ற பயத்தில் உயர்ந்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். நல்ல கதை. ஆனால் அந்தத் தேவாலயத்தின் வேலையே 1652-இல்தான் தொடங்கியது.

பெர்னினியின் மேதைமை சிலைகளில் இல்லை, அவற்றுக்கு நடுவே இருக்கிற வெற்றிடத்தில் இருக்கிறது. டிராவர்டைன் பாறையைக் குகைபோலக் குடைந்து, நாலு பக்கமும் வெளிச்சம் புகவிட்டு, அதன் தலையில் 16 மீட்டருக்கும் உயரமான கருங்கல் தூபியை நிறுத்தியிருக்கிறார். எகிப்தியக் கல், டொமிஷியன் பேரரசன் செய்வித்தது, பல துண்டுகளாக உடைந்து கிடந்ததை எடுத்து வந்தார்கள். அடித்தளத்தில் ஓட்டை என்றால் தூக்கம் வராத மென்பொருள்காரன் நான். அந்த ஓட்டையின் வழியாகச் சதுக்கத்தின் மறுபக்கத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன்.

தூபியின் உச்சியில் ஒரு புறா. போப் பத்தாம் இன்னசென்டின் பாம்ஃபிலி குடும்பச் சின்னம். நான்கு கண்டமும் அதன் காலடியில். இதற்கான செலவை ரொட்டிமீதான வரி தாங்கியது, அதுவும் பஞ்ச காலத்தில். கல் வேண்டாம், ரொட்டி கொடு என்ற பொருளில் ஊர்க்காரர்கள் வசைப்பாக்கள் எழுதி ஒட்டினார்கள். அந்தக் கோபத்தைச் சேர்த்துக்கொள்ளாமல் இதன் அழகைப் பேச எனக்கு வாய் வரவில்லை.

மகளிடம் அப்போது, "அது இவங்க ஊர் வழக்கம்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் சமாதானமாகவில்லை. கங்கையை விட்டுவிட்டு, முகம் மூடிய நைலைப் படமெடுத்துக்கொண்டாள்.