பவர் ஹவுஸ் என்னும் பாதி உண்மை

அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பு. "மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் மையம்"னு உருப்போட்டுக்கிட்டு இருந்தவள், "நம்ம அனல் மின் நிலையம் மாதிரியா சித்தப்பா?" என்றாள். தூத்துக்குடிப் பிள்ளைக்கு வேறென்ன தோணும்! ஆமா என்று சொல்லிவிட்டேன். பிறகு அந்த ஆமா உறுத்த ஆரம்பித்தது.

இந்த 'பவர் ஹவுஸ்' உவமையைப் பரப்பியது, 1957-ல் பிலிப் சீகெவிட்ஸ் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய கட்டுரை. உவமை பொய்யில்லை. ஆனால் நம்மை வாசலோடு நிறுத்திவிடுகிறது.

அனல் மின் நிலையம் தன் டர்பைன் பாகங்களைத் தானே வார்ப்பதில்லை. மைட்டோகாண்ட்ரியா வார்க்கிறது. மனிதரில் 13 புரதங்கள் அதற்குள்ளேயே தயாராகின்றன. மற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டவை வெளியிலிருந்து வருகின்றன. அந்த 13-ம் உள்சவ்வில் பதிந்து, வந்தவற்றோடு கச்சிதமாகப் பொருந்த வேண்டும். தண்ணீரோடு ஒட்டாத இவற்றை, உருவாகும்போதே சவ்வுக்குள் செருக ஒரு புரதம் உதவுகிறது. தப்பாக மடிந்ததையும் ஜோடி கிடைக்காததையும் எம்-ஏஏஏ புரோட்டியேஸ் என்ற நொதி வெட்டிப் போடுகிறது. இதே கத்தரி, ரைபோசோமின் பாகம் ஒன்றைச் சீவிப் பொருந்த வைக்கவும் செய்கிறது. தயாரிப்பும் தணிக்கையும் ஒரே கையில்!

அப்போ முத்து தரம் பிரிக்கிற பித்தளைச் சல்லடையை உவமையாகச் சொல்லலாமா? 1961-ல் இங்கே கடைசி முத்துக்குளிப்பு நடந்த காலம்வரை புழங்கிய பொருள். அதுவும் முழுசாகப் பொருந்தாது. சல்லடை, முத்து விளைந்த பிறகு பிரிப்பது. இங்கே சோதனை விளையும்போதே நடக்கிறது. மட்ட முத்து குறைந்த விலைக்காவது போகும். மட்டப் புரதம் சவ்வையே கெடுக்கும்.

இது வெறும் வார்த்தைச் சண்டை இல்லை. அந்தக் கத்தரியின் ஒரு பாகத்துக்கான எஸ்பிஜி7 மரபணு கெட்டால், கால்கள் மெல்ல மெல்ல விறைத்து நடை தடுமாறும் பரம்பரை நோய் வருகிறது. இன்னொரு பாகமான ஏஎஃப்ஜி3எல்2 கெட்டால் உடலின் சமநிலை போகிறது. மின் நிலையம் என்று மட்டும் படித்தவர்கள் இதைக் கேட்டால் "பவர் கம்மி, டானிக் குடிங்க" என்பார்கள். கோளாறு கரியில் இல்லை, பட்டறையில் இருக்கிறது.

மறுநாள் இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சித்தப்பா, பரீட்சைல என்ன எழுதட்டும்?" என்றாள்.

"ஆற்றல் மையம்னே எழுதும்மா. மார்க் அதுக்குத்தான்."