கோபுரக் கலசமும் இடிதாங்கிக் கருதுகோளும்: காஞ்சி ஏகாம்பரநாதர் கோபுரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

கோபுரக் கலசங்கள் இடிதாங்கிகளாகச் செயல்படுகின்றன. அவற்றுள் நிரப்பப்படும் வரகு மின்னலின் ஆற்றலை ஏற்கிறது. வரகின் அத்திறன் 12 ஆண்டுகளில் குன்றுவதாலேயே குடமுழுக்கு நிகழ்த்தப்படுகிறது. கோயிற்கலை பற்றிய எழுத்துகளில் இக்கருத்து மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகிறது. இயற்பியல் நோக்கில் அது சோதிக்கப்படுவது அரிது.

இதில் ஒரு பாதி உண்மையே. கடத்தியின்மீது தங்கும் மின்னூட்டம் அதன் புறப்பரப்பில் மட்டுமே பரவி நிற்கும். வளைவு கூர்மையாகும் இடத்தில் செறிவு மிகும். காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில் கிருஷ்ணதேவராயர் 1509-இல் எழுப்பிய ராஜகோபுரம் ஏறத்தாழ 190 அடி உயரமுடையது. இடிமேகம் திரளும்போது, சுற்றுப்புறத்தை விஞ்சி நிற்கும் அதன் உலோகக் கலச நுனிகளில் தூண்டுமின்னூட்டம் செறியும். மின்னல் அங்கு இறங்கும் வாய்ப்பு மிகுதி.

எனினும் மின்னலை ஈர்ப்பது வேறு, தாங்குவது வேறு. 18ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்ளின் வகுத்த இடிதாங்கியின் உயிர்நாடி கூர்முனையன்று. முனையிலிருந்து ஈரமண்வரை அறாது செல்லும் உலோகக் கம்பியே. (கூர்முனையினும் சற்று மழுங்கிய முனையே மின்னலை எளிதில் ஏற்கிறது என்பதை நியூ மெக்சிகோவில் சார்லஸ் மூர் குழுவினர் நிகழ்த்திய ஆய்வு காட்டியது.) கோபுரத்தின் அடிப்பகுதி கருங்கல், மேல்நிலைகள் செங்கல்லும் சுதையும். கம்பி இல்லாதவிடத்து மின்னோட்டம் இவற்றின் ஈரக்கசிவு வழியே பாயும்; நீர் நொடியில் ஆவியாகி விரிய, சுதைச் சிற்பங்கள் வெடித்துச் சிதறும். கம்பியற்ற கலசம், ஆகவே, காப்பன்று, இடருக்கான வாயில்.

வரகு பற்றிய கூற்று இதனினும் வலுவற்றது. உலோகத்தால் போர்த்திய அறையொன்றை அமைத்து, புறத்தே எவ்வளவு மின்னேற்றினும் அகத்தே அதன் விளைவு இல்லையென 1836-இல் மைக்கேல் பாரடே நிறுவினார். மின்னல் போன்ற விரைந்து மாறும் மின்னோட்டமும் பெரும்பாலும் உலோகத்தின் புறப்பகுதியையே பற்றிச் செல்லும். செப்புக் கலசத்தினுள் அடைபட்ட தானியம் அவ்வோட்டத்தில் பங்கேற்க வழியில்லை; அங்கு வரகு இருப்பினும் மணல் இருப்பினும் வேறுபாடு இராது.

தானியமிடும் மரபை நிறைகுடம், விளைச்சல், விதைக்காப்பு ஆகிய பண்பாட்டுப் பொருண்மைகளில் வைத்துப் படிக்க இடமுண்டு. இடிதாங்கி விளக்கம் அவ்வாசிப்பைத் தேவையற்றதாக்கிவிடுகிறது. நடைமுறைத் தீங்கும் உண்டு: கலசமே காக்கும் என நம்புமிடத்தில் நிலத்தில் இறங்கும் செப்புப் பட்டை தேவையெனத் தோன்றாது; பொருத்தப்பட்ட பட்டை திருப்பணியின்போது அறுந்தாலும் எவரும் கவனியார். குடமுழுக்கிற்காகச் சாரம் கட்டப்படும் நாள்களே அதனைச் சோதிக்க எளிதான காலம்.