பொம்மையின் நிறம்

சித்தூரானாலும் மூணாறானாலும் திருவிழாக் கடையில் பொம்மை என்றால் வெள்ளைத் தோல், தங்க நிற முடி. கறுப்பாக ஒன்று வேண்டுமென்றால் புதுவீட்டு வாசலில் தொங்கும் திருஷ்டி பொம்மைதான்!

1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் கறுப்பினக் குழந்தைகள் முன் இருநிறப் பொம்மைகளை வைத்துக் கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையே நல்லது என்றார்கள். பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்ற 1954 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இந்த ஆய்வும் சுட்டப்பட்டது.

"அது அமெரிக்கா சமாச்சாரம், நமக்கென்ன சார்?" என்பீர்கள். 2025 மார்ச்சில் கேரளத் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரனே தம் நிறத்தை ஒருவர் குத்திப் பேசியதை முகநூலில் எழுதினார். நாலு வயதில், தன்னை மறுபடி வெள்ளையாய்ப் பெற்றெடுக்க முடியுமா என்று அம்மாவிடம் கேட்டாராம்.

நம்மை யாராவது "பாண்டி" என்றால் சுருக்கென்கிறது. நாமோ ஆண்டுவிழாவில் பிள்ளை முகத்தில் கரி பூசி, "ஆதிவாசி" வேஷம் கட்டி, படமெடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடுகிறோம். 2018 பிப்ரவரியில் அட்டப்பாடியில் ஆதிவாசி இளைஞர் மதுவின் கைகளைக் கட்டி அடித்த கும்பல், கூடவே செல்ஃபியும் எடுத்தது. அவர் அன்றே இறந்தார். இரண்டும் ஒன்றென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு மனிதரை வேடிக்கைப் பொருளாகப் பார்க்கும் பழக்கம் இரண்டிலும் இருக்கிறது.

இருளரும் முதுவரும் நமக்கு அண்டை அயலார். அவர்கள் பிள்ளைகளும் நம் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். இந்த வருஷ விழாவில் கரி வேண்டாமே! வீட்டிலும் "கறுப்பி" என்று கொஞ்சுவதை நிறுத்துவோம். கொஞ்சலென்று நினைப்பது நாம்தான். கேட்கிற பிள்ளை அல்ல.