பானட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

கல்யாண மண்டப வாசலில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு மாலையோடு நின்றால் கூட்டம் கூடிவிடும். பெயிண்டைத் தடவிப் பார்ப்பார்கள், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி போட்டோ எடுப்பார்கள், பந்திக்குப் போய்விடுவார்கள். அந்தக் காரில் பார்க்க வேண்டியதெல்லாம் பானட்டுக்குள்ளே இருக்கிறது. உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். பழைய கார் வைத்துத் தானே பழுது பார்க்கிறவர், திறந்து காட்ட மறுப்பது அபூர்வம்.

ஐரோப்பியப் பழைய கார் என்றதும் சமஸ்தானத்து ரோல்ஸ் ராய்ஸ் நினைவுக்கு வரும். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அம்பாசடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. பிரீமியர் பத்மினி இத்தாலியின் ஃபியட் 1100. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், லேலண்டு லாரிக்கு வருவதற்கு முன் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டித் தந்தது. வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு தயாரித்தது. நம் புதுக்கோட்டைக்கும் மோட்டாருக்குமான உறவு அதற்கெல்லாம் முந்தியது. டி.வி. சுந்தரம் அய்யங்கார் தஞ்சாவூர்–புதுக்கோட்டை சாலையில் பஸ் விட்டது 1912-இல். இராயவரம், குழிபிறை, கோனாபட்டு பக்கம் நகரத்தார் வீடுகளை ஒட்டிக் கார் ஷெட்டுகளையும் காணலாம்.

ரசிக்கக் கற்றுக்கொள்ள ஹெரால்டைவிட நல்ல கார் கிடையாது. அதன் இரு பக்கக் கொக்கிகளை விடுவித்துத் தூக்கினால், மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் முன்னோக்கிச் சாயும். எஞ்சின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில் இருக்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம்; குனிந்து இடுப்பொடிய வேண்டியதில்லை. இந்த வசதிக்குப் பின்னால் ஒரு வியாபார நெருக்கடி இருக்கிறது. இங்கிலாந்தில் ஹெரால்டைத் தயாரித்த ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃபுக்கு பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-இல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லாமல் போனதால், தனித்தனித் துண்டுகளாகச் செய்து தனிச் சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கும் காராக 1959-இல் ஹெரால்டு பிறந்தது. வடிவம் தந்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிச்சலோட்டி. முன்சக்கரம் அநியாயத்துக்குத் திரும்பும்; 25 அடி வட்டத்துக்குள் கார் சுற்றி வந்துவிடும். இங்கிலாந்தில் இரண்டு கதவோடு விற்ற காருக்கு இந்தியாவில் பின்னாளில் நான்கு கதவு வைத்தார்கள். துண்டுகளாகக் கழலும் கார் என்பதால்தான் வீட்டுத் திண்ணையோரம் வைத்தே ஒருவர் அதைப் பிரித்துப் பூட்ட முடிகிறது.

எஞ்சின் 948 சிசி, நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. அதில் டாப்பெட் வைப்பதை, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வதை, ஒருமுறை அருகில் நின்று பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பிளக்குகளைக் கழற்றியிருக்க வேண்டும். மேல் மூடியை எடுத்ததும் எட்டு ராக்கர்கள் வரிசையாகத் தெரியும். எஞ்சினை மெதுவாகக் கையால் சுற்றுவார்கள். 8-ஆம் வால்வு முழுக்கத் திறந்து நிற்கும்போது 1-ஆம் வால்வைச் சரிசெய்வார்கள். 6 திறந்தால் 3. 4 திறந்தால் 5. 7 திறந்தால் 2. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 9. ஃபீலர் கேஜில் 10 தௌ தகட்டை, அதாவது கால் மில்லிமீட்டர் தகட்டை, ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விட்டு இழுப்பார்கள். லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். தொளதொளவென்று வந்தாலும் தவறு, சிக்கினாலும் தவறு. அந்தப் பிடிமானத்தை விரல்தான் சொல்லும், எந்தக் கருவியிலும் எண்ணாகத் தெரியாது. கேட்டால் உங்கள் கையிலும் ஒரு தரம் தகட்டைக் கொடுப்பார்கள். மறுக்காதீர்கள்.

பிறகு ஸ்டார்ட் செய்யும்போது காதைக் கொடுங்கள். தையல் மிஷின் ஓடுவதுபோல் சீராக டிக்டிக் என்று கேட்டால் டாப்பெட் சரியாக இருக்கிறது. சத்தமே கேட்காத பழைய எஞ்சினைப் பாராட்டிவிட வேண்டாம். டாப்பெட்டை இறுக்கி வைத்திருந்தால் வால்வு முழுசாக மூடாது, நாளடைவில் கருகிவிடும். கழற்றிய பிளக்கையும் வாங்கிப் பாருங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் கார்புரேட்டர் கலவை நன்றாக இருக்கிறது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு.

அடுத்து முன்சக்கரத்தின் உள்பக்கம் குனிந்து பாருங்கள். கீழே பித்தளையில் ட்ரனியன் என்ற ஒரு சிறு பாகம் உண்டு. மரை போட்ட இரும்புத் தண்டு அதற்குள் இறங்கி, ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் சுழலும். அதற்குப் போட வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். பல பட்டறைகளில் பழக்கதோஷத்தில் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் இறுகி வழியை அடைத்துக்கொள்ளும், மரை துருப்பிடிக்கும், ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். “ட்ரனியனுக்கு என்ன போடுகிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். “ஆயில்” என்று சொன்னால் அந்தக் கார் நல்ல கையில் இருக்கிறது.

ஒயரிங்கிலும் படிக்க நிறைய உண்டு. லூகாஸ் ஒயர்களுக்கு நிற ஒழுங்கு இருந்தது: பேட்டரியிலிருந்து வருவது பழுப்பு, இக்னிஷன் வெள்ளை, ஃபியூஸ் தாண்டிப் போவது பச்சை, எர்த் கறுப்பு. ஒருவர் பழைய நிறங்களைத் தேடி வாங்கி, அதே வழியில் திரும்ப இழுத்திருந்தால் அது பெரிய உழைப்பு. கிடைத்த சிவப்பு ஒயரையெல்லாம் முறுக்கி டேப் சுற்றியிருந்தால், வெளியே எவ்வளவு மினுக்கினாலும் அது பாதி வேலைதான். அக்கால இங்கிலாந்துக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். அது தெரியாமல் மாற்றி மாட்டுவது இன்றும் நடக்கிறது.

புதுக்கோட்டை வெயிலும் தண்ணீரும் இந்தக் கார்களுக்குத் தனிச் சோதனை. சித்திரை வெயிலில் நெரிசலில் நின்றால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி எஞ்சின் நின்றுபோகும். பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டு ஆறவிட்டால் மறுபடி கிளம்பும். உப்புள்ள போர் தண்ணீர் ரேடியேட்டரில் காறையாகப் படியும் என்பதால் விவரமானவர்கள் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறார்கள். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் கடற்காற்றில் நிறுத்திய காருக்குக் கதவின் அடிவிளிம்பை முதலில் பார்க்க வேண்டும். இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. பெட்ரோல் போகும் பழைய ரப்பர் ட்யூபை அது ஊறவைத்து விரிசல் விடச் செய்யும். நெடுநாள் ஓட்டாமல் வைத்தால் ஈரத்தை இழுத்து டேங்க்கைத் துருப்பிடிக்கவைக்கும். எத்தனால் தாங்கும் ட்யூபுக்கு மாற்றியிருக்கிறாரா என்பதும் பார்க்க வேண்டிய விஷயம்.

உதிரிபாகங்கள் பற்றியும் ஒரு சொல். அம்பாசடர் 2014 வரை வந்ததால் சாமான் கிடைக்கும். ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். கிடைக்காத புஷ், பின் போன்றவற்றை லேத் பட்டறையில் கடைந்து வாங்குகிறார்கள். மாருதி எஞ்சின் வைத்து ஓட்டினால் கார் ஓடும்தான்; ஆனால் பழைய புஷ்ஷை அளந்து கடைந்து அதே எஞ்சினை ஓடவைப்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் முழு மதிப்பும் இருக்கிறது.

பல நாட்டுக் கார்களைச் சேர்த்துப் பார்க்க, கோவை அவினாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் 2015-இல் திறந்த ஜிடி கார் அருங்காட்சியகத்துக்குப் போய்வரலாம். வீட்டு ஷெட்டிலேயே ஒரு கார் தூங்குகிறது என்றால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 50 வயது தாண்டி, மூல வடிவம் மாறாத வாகனங்களை விண்டேஜ் என்று பதிவு செய்ய மத்திய அரசு 2021-இல் விதி கொண்டுவந்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்து வரும். அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்தக் கூடாது. ஆகவே பழைய இரும்புக்காரரைக் கூப்பிடும் முன், தாத்தாவின் பெட்டியில் ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.