பாஸ்கர்வில் அச்செழுத்து

அச்செழுத்தின் அழகை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் அதன் வடிவத்தையே நோக்குவர்; அது பதியுந் தாளையும் மையையும் மறந்துவிடுவர். ஆங்கிலேய அச்சாளர் யோன் பாஸ்கர்வில் (1707 - 1775) ஆக்கிய எழுத்தைப் பற்றி எழுந்த கண்டனமும் பாராட்டும் இம்மறதியினாற் பிழைபட்டவையே.

பேர்மிங்காம் நகரிற் கையெழுத்துப் பயிற்றும் ஆசிரியராகவும் கல்லில் எழுத்து வெட்டுபவராகவும் விளங்கிய அவர், அரக்கு மெருகிட்ட பொருள்களாற் செல்வமீட்டிய பின்னரே அச்சுத்தொழிலை மேற்கொண்டார். இறகுப் பேனா பழகிய கையின் சாயல் அவரது எழுத்திற் புலனாகும். அக்காலத்து இங்கிலாந்திற் பெருவழக்காயிருந்த வில்லியம் கஸ்லனின் எழுத்தோடு ஒப்பிடின் இது தெளிவாம். கஸ்லன் எழுத்திற் கோடுகளின் தடிப்பு வேறுபாடு குறைவு; வட்டங்கள் சற்றே சாய்ந்தவை. பாஸ்கர்வில் எழுத்திலோ தடித்த கோடும் மெல்லிய கோடும் நன்கு பிரிந்து நிற்க, வட்டங்கள் நிமிர்ந்து அகன்றுள்ளன. 'செரிப்' எனப்படும் நுனிக் குறுக்குக் கோடுகளுங் கூர்மை பெற்றன. பெரிய 'கியூ'வின் வீசி நீண்ட வாலும், சிறிய 'ஜீ'யின் மூடாத கீழ்க்கண்ணியும் இவ்வெழுத்தை இனங்காட்டுவன.

இந்நுண்மை தாளிற் சிதையாதிருக்க அவர் மையைத் தாமே காய்ச்சினார்; அச்சிட்ட தாள்களைச் சூடேற்றிய செப்புத் தகடுகளிடையே அழுத்தி மெருகேற்றினார். 1757 இல் வெளிவந்த வேர்ஜில் பதிப்பு இவ்வுழைப்பின் பயன். பூவேலைகளை விலக்கி, எழுத்தையும் வெற்றிடத்தையுமே அணியாகக் கொண்ட பக்கங்கள் அவை.

எனினும் மெல்லிய கோடுகள் கண்ணைக் கெடுக்குமெனக் குறை கூறினோர் இருந்தனர். அவர்களுள் ஒரு கனவானை பெஞ்சமின் பிராங்கிளின் சோதித்த வரலாற்றை, 1760 இல் அவர் பாஸ்கர்வில்லுக்கு வரைந்த கடிதம் கூறும். கஸ்லனின் மாதிரித் தாளின் மேற்பகுதியைக் கிழித்துவிட்டு, அது பாஸ்கர்வில்லின் எழுத்தென நீட்டினார் பிராங்கிளின். கனவானோ தம் வாழ்நாளெல்லாம் இனிதே படித்துவந்த எழுத்திற் குற்றங்களை வரிசையாகக் காட்டினார்; கண் நோகிறதென்றுங் கூறினார்!

இதனாற் கண்டனம் முழுவதும் பொய்யென நிறுவப்பட்டதாகக் கொள்வோர் பலர். அது பொருந்தாது. வெளிப்பட்டது கனவானின் முற்சாய்வே. பாஸ்கர்வில்லின் எழுத்து அங்கே சோதிக்கப்படவில்லை. அவர் கையிலிருந்தது கஸ்லன் எழுத்தன்றோ? முரட்டுத் தாளில் மெல்லிய கோடு முறியும், அன்றி மை பரவித் தடிக்கும். அகன்ற வடிவமோ ஒடுங்கிய பத்தியில் இடத்தை விழுங்கும். இலண்டன் 'ரைம்ஸ்' நாளிதழ் 1932 இல் தனக்கென நெருக்கமான வேறோரெழுத்தை ஆக்குவித்தமை நோக்கத்தக்கது. நல்ல தாளும் அகன்ற ஓரமும் உடைய நூலே பாஸ்கர்வில் எழுத்தின் உரிய இடமாம். 1923 இல் மொனோரைப் நிறுவனம் அதனைப் புதுப்பித்தபின், நூற்பதிப்பாளரே அதனைப் பெரிதும் விரும்பினர்.

கணினியிலும் இவ்வுண்மையே தோன்றுகின்றது. உலோக எழுத்தின் வரைவை அப்படியே தழுவிய வடிவங்கள் சிறிய அளவில் வெளிறிக் காண்கின்றன. சுசானா லிக்கோ 1996 இல் வரைந்த 'மிசிஸ் ஈவ்ஸ்', பாஸ்கர்வில்லின் மனைவி சாரா ஈவ்ஸின் பெயர் பூண்டது. தடிப்பு வேறுபாட்டைக் குறைத்து, தாளிற் பதிந்த எழுத்தின் தோற்றத்தை அது நாடிற்று. ஆயினும் எழுத்திடை வெளி தளர்ந்திருத்தலின், நீண்ட உரைநடையினும் தலைப்புக்கும் மேலுறைக்குமே அது பொருந்தும்.