முன்னொட்டுக்கு ஒரு முகவரி

நம் பெயர்களுக்கு முன்னால் ஓர் இனிஷியல் நிற்கிறது. எஸ். முருகன் என்றால் அந்த எஸ் சுப்பையாவா சண்முகமா என்பது வீட்டாருக்குத் தெரியும், வெளியூர்க்காரருக்குத் தெரியாது. எக்ஸ்எம்எல் கோப்பில் டிசி:டைட்டில் என்ற டேக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இனிஷியல் ஞாபகம்தான். டிசி என்ற முன்னொட்டு டப்ளின் கோரைக் குறிக்கிறது, நூற்பட்டியலுக்கான சொல்தொகுதி அது. 1995இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டப்ளின் ஊரில் கூடிப் பேசியதில் பிறந்த பெயர். ஆனால் கோப்பை வாசிக்கும் பார்சருக்கு அந்த ஊரெல்லாம் தெரியாது. எக்ஸ்எம்எல்என்எஸ் என்று தொடங்கும் அறிவிப்பு ஒன்று டிசிக்குரிய முகவரியைச் சொல்ல வேண்டும். முகவரி சரியாக இருந்தால் டிசிக்குப் பதில் கக என்று வைத்தாலும் பொருள் மாறாது.

அறிவிப்பு எப்படித் தொலைகிறது? பெரும்பாலும் வெட்டும்போதுதான். அது கோப்பின் தலை டேக்கில் இருக்கும், நாம் நடுவிலிருந்து ஒரு பதிவை மட்டும் எடுத்துவருவோம்.

எனக்குப் பிடித்த நுட்பம் இங்கே இருக்கிறது. 1998 பிப்ரவரியில் வந்த எக்ஸ்எம்எல் 1.0 விதிப்படி, அப்படி வெட்டி எடுத்த துண்டில் குற்றமே இல்லை. முக்காற்புள்ளியும் பெயருக்குள் வரக்கூடிய ஓர் எழுத்துதான். முன்னொட்டுக்கு முகவரி கேட்கும் நேம்ஸ்பேஸ் விதி 1999 ஜனவரியில் தனி ஆவணமாக வந்தது. குற்றம் அதன் கணக்கில்தான். ஆகவே ஒவ்வொரு பார்சரும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது. ஜேம்ஸ் கிளார்க் எழுதிய எக்ஸ்பாட்டை நேம்ஸ்பேஸ் பார்க்கச் சொல்லித் திறந்தால், ‘அன்பவுண்ட் ப்ரிஃபிக்ஸ்’ என்று சொல்லி அங்கேயே நின்றுவிடும். லிப்எக்ஸ்எம்எல்2 பிழையைச் சொல்லிவிட்டு மேலே வாசிக்கும். டிசி:டைட்டில் முழுவதையும் ஒரே பெயராக வைத்துக்கொள்ளும். இனிஷியலையும் தொலைக்காது, இல்லாத முகவரியையும் கற்பிக்காது. இந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

பிடிக்காதது, முன்னொட்டை ரெஜெக்ஸால் சீவித் தள்ளுவது. செய்தி ஓடை ஒன்றில் டைட்டில், டிசி:டைட்டில், மீடியா:டைட்டில் மூன்றும் இருக்கும். சீவினால் கட்டுரைத் தலைப்பும் படத்தின் தலைப்பும் ஒரே குவியல். பிறகு எந்தக் கெட்டிக்காரராலும் பிரிக்க முடியாது.

நல்ல கைவேலை உறை போடுவது. வெளியே ஒரு டேக், அதில் அறிவிப்பு, உள்ளே துண்டு. மேல் டேக்கின் அறிவிப்பு உள்ளே இருப்பதற்கெல்லாம் செல்லும் என்பது விதி. துண்டில் ஓர் எழுத்தும் மாறாது. தலையில் எக்ஸ்எம்எல் பதிப்பைச் சொல்லும் வரி இருந்தால் அதை மட்டும் எடுத்துவிட வேண்டும், அந்த வரி கோப்பின் முதலில்தான் வரலாம். டாட்நெட்டில் உறையும் வேண்டாம்; எந்த முன்னொட்டுக்கு எந்த முகவரி என்ற அட்டவணையைப் பார்சரின் கையிலேயே கொடுத்துவிடலாம். முகவரியை மட்டும் ஊகிக்கக் கூடாது. டப்ளின் கோருக்கே பழைய பதினைந்து சொற்களுக்கு ஒன்று, பின்னால் வந்த விரிவுக்கு ஒன்று என்று இரண்டு உண்டு. துண்டு பிறந்த கோப்பைத் தேடிப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

உறை போட்ட துண்டைப் பைதானின் எலிமெண்ட்ட்ரீயிடம் கொடுத்துப் பாருங்கள். சற்றுமுன் நின்றுபோன அதே எக்ஸ்பாட்தான் உள்ளே ஓடுகிறது. இப்போது டேக்கின் பெயரைக் கேட்டால் டிசி வராது. நெளிவு அடைப்புக்குள் முழு முகவரி, அதை ஒட்டி டைட்டில்.